கட்டர் பிளேடைக் கட்டைவிரல் பிடித்திருக்கக் கூடாது

கேள்வி: அட்டைப்பெட்டி பிரிக்க, ஸ்லைடரிலிருந்து விரலை எடுத்ததும் பிளேடு உள்ளே போய்விடும் கட்டர் ஒன்றின் மாதிரியைச் செய்திருக்கிறோம். 18 மி.மீ. அகல முறிபிளேடு (கூர் போனதும் கோட்டோடு முறித்துவிடும் வகை) 25 மி.மீ. வெளியே வருகிறது; ஸ்பிரிங் 1.2 கிலோ இழுக்கிறது. ஒரு மணி நேரத்தில் கட்டைவிரல் வலிக்கிறது, விரல் தளர்ந்தால் பாதி வெட்டில் பிளேடு உள்ளே ஓடுகிறது, நுனி ஆடுகிறது என்கிறார்கள். பிடிக்கு ரப்பர் உறை போட்டால் போதுமா?

பதில்: ரப்பர் உறையால் தீராது. வெட்டு முடியும்வரை ஸ்பிரிங்கை எதிர்த்து நிற்கும் வேலையைக் கட்டைவிரலிடம் கொடுத்திருக்கிறீர்கள். வலி மட்டுமல்ல, ஆபத்தும் அங்கேதான். இழுத்து வெட்டும்போது பிளேடு அட்டையை விட்டு விலகும் அந்தக் கணத்தில் கை தடையில்லாமல் உடம்பை நோக்கிப் பாயும். நொடிக்கு 2 மீட்டர் வேகம் என்று வையுங்கள். மூளை உணர்ந்து விரலைத் தளர்த்த சுமார் 0.2 நொடி ஆகும். அதற்குள் கை 40 செ.மீ. வந்துவிடும்; பிளேடு இன்னும் வெளியேதான் இருக்கும். தொடைக்கும் மறுகைக்கும் அந்தத் தூரமே அதிகம்.

பிளேடை வெளியே நிறுத்த வேண்டியது வெட்டின் அழுத்தமே. வெட்டும்போது பிளேடு, தான் ஓடும் பள்ளமான காடியின் சுவர்களில் நெருக்கப்படுகிறது. அந்த உராய்வு ஸ்பிரிங்கின் இழுவையைவிட அதிகமாக இருந்தால் விரலே தேவையில்லை. உங்கள் மாதிரியில் காடிக்குள் 40 மி.மீ., வெளியே 25 மி.மீ. என்றால், 2 கிலோ விசையில் வெட்டும்போது காடியின் இரு முனைகளிலும் சேர்ந்து 4.5 கிலோ அழுத்தம் விழும். உராய்வுக் குணகம், அதாவது அழுத்தத்தில் உராய்வாக மாறும் பங்கு, 0.2 என்று கொண்டால் தாங்குவது 0.9 கிலோ. ஸ்பிரிங்கோ 1.2 கிலோ. ஓடாமல் என்ன செய்யும்?

பிளேடை 12 மி.மீ.க்கு மேல் வராதபடி தடுப்பு வைத்து, ஸ்பிரிங்கை 400 கிராமுக்குக் குறையுங்கள். வெளியே நீட்டும் அளவு குறைவதால் உராய்வும் 0.64 கிலோவாகக் குறையும். ஆனாலும் ஸ்பிரிங்கைவிட அதிகம்தான். ஒற்றை நெளி அட்டை 3 முதல் 4 மி.மீ. தடிமன்; 45 பாகை சாய்த்துப் பிடித்தாலும் 12 மி.மீ. பிளேடு 8 மி.மீ. ஆழம் போகும். பிளேடும் அதைத் தாங்கும் வண்டியும் சேர்ந்து 15 கிராம்தான் என்றால், 400 கிராம் இழுவையே நொடியில் நூறில் இரண்டு பங்குக்குள் உள்ளே இழுத்துவிடும். இழுவையைத் தாளில் கணக்கிட்டதோடு விடாமல் ஸ்பிரிங் தராசால் அளந்து பாருங்கள்.

ஆனால் பழக்கதோஷத்தில் ஸ்லைடரை அழுத்திக்கொண்டே வெட்டுபவர்களை இது காப்பாற்றாது. அதற்கு ஸ்லைடரையும் பிளேடு வண்டியையும் நிரந்தரமாக இணைக்காமல் சிறு கொக்கியால் மாட்டுங்கள். வெட்டத் தொடங்கியதும் அட்டையின் எதிர்விசை வண்டியின் முன்பக்கத்தை ஒரு மி.மீ. மேலே தள்ள வேண்டும். அதில் கொக்கி கழன்றுவிட வேண்டும். பிறகு விரல் ஸ்லைடரில் இருந்தாலும் பிளேடு அட்டையை விட்டதும் உள்ளே போய்விடும். கொக்கி அளவான விசையில் கழன்றால் நல்லது. கடினமாக வைத்தால் வெறும் டேப் வெட்டும்போது கழலாது. மிகவும் இலகுவாக வைத்தால் அட்டையில் குத்தும் முன்பே கழன்று எரிச்சலூட்டும்; எரிச்சல் வந்தால் ஸ்லைடரை டேப் சுற்றி நிறுத்திவிடுவார்கள்.

இங்கே ஒரு நுணுக்கம்: அந்த ஒரு மி.மீ. தளர்வு பிளேடின் அகலத் திசையில் மட்டும் இருக்கட்டும். தடிமன் திசையில் 0.1 மி.மீ. போதும். அங்கே 0.3 விட்டால், 25 மி.மீ. நீட்டிய நுனி அரை மி.மீ.க்கு மேல் ஆடும். நுனி ஆட்டத்தின் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பிளேடையும் மாற்றிவிடலாம். முறிபிளேடின் கோடுகள் உடைவதற்கென்றே போட்டவை. பக்கவாட்டில் திருகினால் துண்டு தெறிக்கும். 19 மி.மீ. அகலமும் 0.6 மி.மீ. தடிமனும் உள்ள சரிவக பிளேடு, அதிலும் நுனியை வட்டமாக்கியது, இந்த வேலைக்குப் பொருத்தம். குத்துக்காயம் நுனியால்தானே வருகிறது.

பிடி 120 மி.மீ.க்குக் குறையாமல், 30 முதல் 40 மி.மீ. தடிமனில் நீள்வட்டமாக இருக்கட்டும். உருண்டையான பிடி கையில் சுழலும். வெட்டுமுனை எந்தப் பக்கம் என்று பார்க்காமல் தெரியாது. விரல் வழுக்காதிருக்க முன்னால் 6 மி.மீ. விளிம்பு வேண்டும். மென்பூச்சு 2 மி.மீ. போதும், அதற்கு மேல் போனால் பிடி நெளியும். ஸ்லைடரை மேல்புறத்தில் வைத்தால் இடக்கைக்காரர்களுக்கும் ஆகும்.

மாதிரியைச் சோதிக்கும்போது, விரலை எடுக்காதவர் பிடிப்பதுபோல ஸ்லைடரை ரப்பர் பேண்டால் முன்னுக்கு இழுத்துக் கட்டிவிட்டு, டேப் ஒட்டிய 200 பெட்டிகளை வெட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் பேண்டைத் தளர்த்தி ஸ்லைடரைப் பின்னால் கொண்டுவந்தால்தான் கொக்கி மறுபடி மாட்டும். வேலை இழுக்கும், ஆனாலும் விடாதீர்கள். டேப்பின் பசையும் அட்டைத் தூசியும் காடியில் சேர்ந்த பிறகு ஒரே ஒரு முறை பிளேடு வெளியே நின்றுவிட்டாலும், ஸ்பிரிங்கைக் கூட்டாதீர்கள். காடியின் அடியில் தூசி விழ வழி திறந்துவிடுங்கள்.