தலைக்கு எத்தனை லிட்டர்?

அன்புள்ள ஐயா,

நகரமைப்பு முதுகலை மாணவன் நான். 2040-இல் சென்னைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டியிருக்கும் என்பது என் ஆய்வு. மக்கள்தொகை, வருமானம், மழை, கட்டணம், தொழிற்சாலை என்று பதினொரு காரணிகளை எடுத்திருக்கிறேன். எதற்கு அதிக எடை தரலாம்? தலைக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்தது சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நேற்று மோட்டார் போட்டுவிட்டு இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலையைத் தலைக்கணக்கில் கலக்காமல் தனியாக வையுங்கள். வருமானம் பற்றி எழுதியிருப்பது சரி. கட்டணத்தை எடுத்துவிடுங்கள். சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்கு மீட்டரே கிடையாது. பத்துக் குடம் பிடித்தாலும் நூறு பிடித்தாலும் கட்டுவது ஒரே தொகை. பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காகச் சேர்த்துவிடுவதா?

135 என்பது மத்திய அரசின் 1999 குடிநீர் வழங்கல் கையேட்டில் உள்ளது. அதே பக்கத்தில் பாதாளச் சாக்கடை உள்ள பெருநகரத்துக்கு 150 என்றும், சாக்கடை இல்லாத ஊருக்கு 70 என்றும் இருக்கிறதே, பார்க்கவில்லையா? தாகம் ஊருக்கு ஊர் மாறாது தம்பி. கக்கூஸ்தான் மாறுகிறது.

எனக்குக் கோபம் வந்தது உங்கள் மூன்றாவது அட்டவணையைப் பார்த்துத்தான். 'கடந்த ஆண்டுகளின் தேவை' என்று தலைப்பு. உள்ளே இருப்பதெல்லாம் குழாயிலும் லாரியிலும் அனுப்பிய அளவு. கொடுத்ததைக் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

2004 கோடையில் எங்கள் தெருமுனை சின்டெக்ஸ் தொட்டிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி வர வேண்டும். அம்மா சிவப்பு நகப்பூச்சால் குடத்துக் கழுத்தில் பெயர் எழுதி, விடிவதற்குள் வரிசையில் வைத்துவிட்டு வருவார். வீட்டுக்கு ஆறு குடம். லாரி வராத நாளில் ஒரு குடமும் இல்லை. அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் முதல் தடவை அலசப்படும், அது அப்படியே கக்கூஸுக்குப் போகும். இடுப்பு வரை முடி வைத்திருந்த அம்மா பதினெட்டு நாள் தலைக்குக் குளிக்கவில்லை. உங்கள் அட்டவணையில் அது 'தேவை குறைந்த ஆண்டு'. எங்கள் வீட்டில் எது குறைந்தது, சொல்லுங்கள்?

2019-உம் அப்படித்தான். ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த ஜூலையில் அடுக்குமாடிக்காரர்கள் வாங்கிய தனியார் லாரித் தண்ணீரும், போர் தண்ணீரும், கேன் தண்ணீரும் உங்கள் கணக்கில் எங்கே? பாதி லாரிக்காரரின் டைரியில் இருக்கிறது, மீதி எதிலும் இல்லை. பஞ்சத்தில் கொடுத்ததை வைத்து 2040-ஐக் கணித்தால், அன்றைக்கும் பஞ்சத்தின் அளவுக்குத்தான் குழாய் போடுவார்கள். அந்தக் குழாயில் வருவதை அளந்து அடுத்த மாணவன் ஒரு அட்டவணை போடுவான்.

திட்டிவிட்டேன். நல்ல உழைப்பு, அதனால்தான். அந்த இரண்டு ஆண்டுகளையும் நீக்கிவிடாதீர்கள். அட்டவணையில், தண்ணீர் வராத நாட்கள் எத்தனை என்று பக்கத்திலேயே ஒரு நெடுவரிசை சேருங்கள். எடை பற்றிக் கேட்டிருந்தீர்கள் இல்லையா? மறந்தேபோனேன். அதை உங்கள் வழிகாட்டியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.