ஒப்பந்தம் முடிந்து வீட்டில் இருக்கும் மாதங்கள்: டெபாசிட்டை உடைத்து ஏஜென்டுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் மார்த்தாண்டம் பக்கம். கணித ஆசிரியை, வயது 42. 2021 ஜனவரியிலிருந்து மாலத்தீவில் இரண்டு தீவுப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். ஊர்க் கணக்கில் மாதம் 75,000 ரூபாய் வந்தது. ஒப்பந்தம் முடிந்து 2025 நவம்பர் நடுவில் வீட்டுக்கு வந்தேன். வரும்போது கையில் 4 லட்சம் இருந்தது. நான்கு மாதத்தில் 2.10 லட்சம் ஆகிவிட்டது. கணவர் எலெக்ட்ரீசியன், மாதம் 15,000 தருவார். வீட்டுச் செலவு 23,000, வீட்டுக் கடன் தவணை 11,500. மகள் பிளஸ் ஒன். என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) டெபாசிட்டில் 8 லட்சம் இருக்கிறது, 6.75% வட்டி, போட்டு 9 மாதம் ஆகிறது. அடுத்த வேலைக்கு ஒரு ஏஜென்ட் 1.75 லட்சம் கேட்கிறார். கொழுந்தனாரும் கடை போட 2 லட்சம் கேட்கிறார். டெபாசிட்டை உடைக்கலாமா, ஐயா?

பதில்: உடைக்க வேண்டாம், சகோதரி. உடைக்கத் தேவையும் இல்லை.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். செலவும் தவணையும் சேர்த்து 34,500. கணவர் தரும் 15,000 போக, மாதம் துண்டு விழுவது 19,500. நான்கு மாதத்துக்கு 78,000. ஆனால் கரைந்ததோ 1,90,000. மீதி 1,12,000 எங்கே போனது? அரிசி பருப்பில் போகவில்லை. வெளிநாட்டு டீச்சர் வந்திருக்கிறார் என்றால் கல்யாண மொய் இரட்டிப்பாகும், பார்க்க வருகிறவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும், பழைய ஃபிரிட்ஜ் திடீரென்று கண்ணை உறுத்தும். இதற்காக உங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஐந்து வருஷம் பிள்ளையின் பிறந்தநாளை வீடியோ காலில் பார்த்த தாய், வந்ததும் கை நிறையக் கொடுக்கத்தான் செய்வாள். ஆனால் அந்தக் கொண்டாட்டக் காலம் முடிந்துவிட்டது என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். கணவரோடு மட்டும் போதாது, மகளையும் உட்கார வையுங்கள்.

பேசியபின் ஒன்று செய்யுங்கள். அந்த 2.10 லட்சத்தைத் தனிக் கணக்கில் போட்டு, மாதம் முதல் தேதி 22,000 மட்டும் வீட்டுக் கணக்குக்கு வருமாறு வங்கியில் எழுதிக் கொடுங்கள். துண்டு விழும் 19,500 போக, 2,500 மொய்க்கும் விருந்தாளிக்கும். இப்படி எடுத்தால் ஒன்பது மாதம் ஓடும். சாயங்காலம் எட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தால் இன்னும் நீளும். மாதச் சம்பளத்திலேயே பழகியவர்களுக்கு மொத்தப் பணத்தைப் பார்த்துச் செலவு செய்வது கடினம். அதனால் வீட்டில் இருக்கும் மாதங்களிலும் உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது ஏஜென்ட். என் கவலையெல்லாம் இங்கேதான். 1.75 லட்சம் கொடுத்தால் மிஞ்சுவது 35,000. இரண்டு மாதம்கூடத் தாங்காது. வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாயும் அதன்மேல் 18% ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400. அந்த ஏஜென்டின் பதிவு எண்ணைக் கேட்டு, அந்த அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். எண் தரத் தயங்கினாலோ, ரசீது கிடையாது என்றாலோ எழுந்து வந்துவிடுங்கள். மாலத்தீவு கல்வி அமைச்சகம் காலியிடங்களை நேரடியாகவும் அறிவிக்கிறது. ஐந்து ஆண்டு அனுபவமும் பழைய தலைமையாசிரியரின் கடிதமும் உள்ள கணித ஆசிரியை நீங்கள். முதல்முறை போகும் பிள்ளைகளைப் போல ஏஜென்டின் தயவில் நிற்க வேண்டியதில்லை. சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பதிந்து வையுங்கள்.

என்.ஆர்.இ. டெபாசிட்டை ஓராண்டு முடியும் முன் உடைத்தால் ஒரு பைசா வட்டி கிடையாது. 9 மாதத்துக்கான சுமார் 40,000 அப்படியே போகும். அவசரம் வந்தால் அந்த டெபாசிட்டின் பேரிலேயே கடன் வாங்கலாம். மகள் அடுத்த ஆண்டு பிளஸ் டூ முடிக்கிறாள். அந்த 8 லட்சத்தை அவளுடைய கல்லூரிப் பணமாகவே நினையுங்கள். கொழுந்தனாருக்கு, “இப்போது எனக்கே வேலை இல்லை, தம்பி” என்ற ஒரு வார்த்தை போதும். அது உண்மையும்கூட.

நீங்கள் கேட்காத ஒன்று: வருமான வரி. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓர் ஆண்டு. இந்த ஆண்டில் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் முடிய 137 நாள் ஆகிறது. இடையில் விடுமுறைக்கு வந்த நாட்களைச் சேர்த்தும் 182 நாள் வரவில்லை என்றால், முந்தைய நான்கு ஆண்டும் பெரும்பாலும் வெளியே இருந்ததால், நீங்கள் இன்னும் வெளிநாடுவாழ் இந்தியர்தான். ஏப்ரலில் கணக்கு புதிதாகத் தொடங்கும். வேலைக்குக் கிளம்புவதானால், 182 நாள் ஆகும் முன், செப்டம்பர் மூன்றாம் வாரத்துக்குள் கிளம்புவது நல்லது. அந்த ஆண்டே திரும்ப விடுமுறைக்கு வந்தால் அந்த நாட்களும் சேரும். 182-ஐத் தாண்டினாலும் உங்கள் சம்பள அளவுக்குப் புதிய வரி முறையில் வரி வராது. ஆனால் ரிட்டர்னில் மாலத்தீவுச் சம்பளத்தையும் அங்குள்ள வங்கிக் கணக்கையும் காட்டியாக வேண்டும். வெளிநாட்டுக்கு இனிப் போவதில்லை என்று முடிவெடுத்து உள்ளூர்ப் பள்ளியில் சேர்ந்தால், உடனே வங்கியில் சொல்லி என்.ஆர்.இ. கணக்கை உள்நாட்டுக் கணக்காக மாற்றுங்கள். அதுமுதல் அந்த வட்டிக்கு வரி விலக்கு இல்லை.

மருத்துவக் காப்பீட்டைத் தள்ளிப் போடாதீர்கள். பள்ளி கொடுத்த காப்பீடு ஒப்பந்தத்தோடு முடிந்திருக்கும். குடும்பத்துக்கு ஒரு பாலிசி இந்த மாதமே எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளின் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பழைய நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. மறைத்து எழுதிய பாலிசி ஆஸ்பத்திரி வாசலில் கைவிட்டுவிடும்.

அடுத்த வேலை கிடைத்ததும் முதல் சம்பளத்திலிருந்தே மாதம் 5,500 தனியாக எடுத்து வையுங்கள். இரண்டு ஆண்டில் 1,32,000 சேரும். மாதம் 22,000 வீதம் ஆறு மாதத்துக்கு வரும். அடுத்த முறை ஊருக்கு வரும்போது வீட்டில் உட்கார அந்தப் பணம் இருக்கும், டெபாசிட் பக்கம் கை போகாது. முதலில் இந்த வாரம் வங்கிக்குப் போய் அந்தத் தனிக் கணக்கைத் தொடங்குங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.