கணினிக் கேள்வி பதில்: முந்திக்கொள்ளும் பேக்கர்

கேள்வி: ஹட்டனில் கணினி வகுப்பு நடத்துகிறோம். மாணவர்களுக்கான உபுண்டு சேர்வர் 22.04 வி.எம்.மை (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினி), அதைத் தானாகக் கட்டித்தரும் பேக்கர் என்ற கருவியும் அதன் வேர்ச்சுவல்பொக்ஸ் பிளகினும் கொண்டு கட்டப் பார்க்கிறோம். நிறுவல் ஓடுகிறது. ஆனால் வலையமைப்பு வழியாக வி.எம்.முக்குள் நுழையும் எஸ்.எஸ்.எச்.சுக்குக் காத்திருப்பதாகச் சொல்லி, சில நிமிடத்தில் பிழை காட்டி, அரைகுறை வி.எம்.மையும் அழித்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் ஐ.எஸ்.ஓ.வை (நிறுவல் வட்டுக் கோப்பு) இறக்க டேட்டாவும் கட்டாது.

பதில்: ஐ.எஸ்.ஓ.வைப் பேக்கர் ஒருமுறை இறக்கினால் தன் கேஷ் கோப்புறையில் வைத்துக்கொள்ளும். பென்டிரைவில் ஏற்கெனவே இருந்தால், பேக்கருக்கான விவரங்களை எழுதும் டெம்பிளேட் கோப்பில் 'ஐஎஸ்ஓ_யூஆர்எல்' என்ற இடத்தில் அந்தக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். செக்சம் (கோப்பு பழுதில்லை என்று சரிபார்க்கும் குறி) அப்போதும் வேண்டும்.

இனி அந்தப் பிழை. உபுண்டு நிறுவி தன் வேலை முடியுமுன்பே தனக்கென ஓர் எஸ்.எஸ்.எச். சேவையை ஓட்டும். அதைக் கண்ட பேக்கர், வி.எம். தயார் என்று நம்பி உள்ளே போகப் பார்க்கும். நீங்கள் சொன்ன பயனர்தான் இன்னும் உருவாகவில்லையே! பத்துத் தடவை மறுத்ததும் பேக்கர் கைவிட்டுவிடும். நிறுவியின் கேள்விகளுக்கான விடைகளை முன்கூட்டியே எழுதிவைக்கும் 'யூசர்-டேட்டா' கோப்பின் 'ஏர்லி-கமான்ட்ஸ்' பகுதியில் எஸ்.எஸ்.எச். சேவையை 'சிஸ்டம்சிடிஎல்' மூலம் நிறுத்தும் கட்டளையை எழுதுங்கள். நிறுவல் முடிந்து மறுபடி எழும்பும் வரை கதவு மூடியிருக்கும்.

இதைச் செய்தால் அடுத்த தடங்கல் காலக்கெடு. 'எஸ்எஸ்எச்_டைம்அவுட்' (எஸ்.எஸ்.எச்.சுக்குப் பேக்கர் காத்திருக்கும் நேரம்) தானாக 5 நிமிடம்தான். பழைய கணினியில் 45 நிமிடம் வையுங்கள். நினைவகமும் நீங்கள் சொல்லாவிட்டால் 512 எம்.பி.தான், அதில் இந்த நிறுவி தள்ளாடும். 2048 கொடுங்கள்.

அதற்குப் பிறகும் நுழையவில்லையா? 'யூசர்-டேட்டா'வில் எஸ்.எஸ்.எச். பகுதியின் 'இன்ஸ்டால்-சேர்வர்' உண்மை என்று இருக்கிறதா பாருங்கள். கடவுச்சொல்லிலும் பலர் வழுக்குவார்கள்: அந்தக் கோப்பில் ஹாஷ் வடிவில் (மூலத்தை மீட்க முடியாதபடி மாற்றிய எழுத்துக்கோவை), பேக்கர் டெம்பிளேட்டில் வெறும் எழுத்தாக. இரண்டிலும் ஒன்றையே ஒட்டினால் வேலைக்காகாது.

மொழி தெரிவுத் திரையிலேயே நின்றுவிட்டால் கதை வேறு. பேக்கர் 8000க்கும் 9000க்கும் இடைப்பட்ட ஒரு போர்ட்டில் 'யூசர்-டேட்டா'வைப் பரிமாறும். விண்டோஸ் ஃபயர்வோல் அதை மறித்திருக்கலாம். அல்லது கணினி மெதுவாக எழும்புவதால், பேக்கர் தானாகத் தட்டும் விசைகள் திரை வருமுன்பே போய்விட்டிருக்கும். விசைகளைத் தட்டுமுன் காத்திருக்கும் நேரமான 'பூட்_வெயிட்'டைக் கூட்டுங்கள். 'ஹெட்லெஸ்'ஸை (திரை காட்டாமல் ஓட்டும் முறை) நிறுத்திவிட்டுத் திரையைக் கண்ணால் பாருங்கள். 'ஒன்-எரர்=ஆஸ்க்' என்று ஓட்டினால், அழிக்குமுன் உங்களைக் கேட்கும்.

கேள்வி: ஒரே இமேஜிலிருந்து பத்து வி.எம். எடுத்தோம். பலவற்றுக்கு ஒரே ஐ.பி. வருகிறதே? (பண்டாரவளை)

பதில்: ஐ.பி. முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் டி.எச்.சி.பி.யிடம் தன்னை அறிமுகப்படுத்த, உபுண்டு மெஷின்-ஐடி என்ற கோப்பிலுள்ள அடையாள எண்ணைப் பயன்படுத்தும். இமேஜோடு அதுவும் பிரதியாகிவிடுகிறது. கடைசி புரொவிஷனரில் (நிறுவிய பின் பேக்கர் வி.எம்.முக்குள் ஓட்டும் படி) 'ட்ரங்கேட்' கட்டளை கொண்டு அந்தக் கோப்பை வெறுமையாக்குங்கள்; கோப்பையே நீக்க வேண்டாம். இறக்குமதி செய்யும்போது வேர்ச்சுவல்பொக்ஸில் புதிய மெக் முகவரி (வலையமைப்பு அட்டையின் அடையாளம்) உருவாக்கச் சொல்லுங்கள்.