எந்தக் கஷ்டத்தைத் தாங்குவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். விளையாட்டு வீராங்கனைகளைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். ‘தடைகளைத் தாண்டிச் சாதித்த பெண்’ என்று தொடங்கும் கட்டுரைகளைக் கண்டாலே பக்கத்தைப் புரட்டிவிடுவதாகச் சொல்லியிருந்தீர்கள். கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

என் மகளுக்குப் பதினாறு வயது. 800 மீட்டர் ஓடுகிறாள். அவள் அப்பாவுக்கு இதில் விருப்பம் இல்லை. படிப்பு கெடும், கறுத்துப் போவாள் என்கிறார். சொந்தக்காரர்கள் பேச்சு தனி. அந்த மாதிரிக் கதைகளைப் படித்துக் காட்டித்தான் அவளையும் என்னையும் தேற்றிக்கொண்டு வருகிறேன்.

இப்போது புதிதாக ஒரு கவலை. ஐந்து மாதமாக அவளுக்கு மாதவிடாய் வரவில்லை. கெண்டைக்கால் எலும்பில் ஓரிடத்தில் தொட்டாலே வலிக்கிறது என்கிறாள். பயிற்சியாளரிடம் கேட்டால், “நன்றாக ஓடுகிற பெண்களுக்கு இது சகஜம், இன்னும் இரண்டு கிலோ குறைத்தால் ஓடும் நேரமும் குறையும்” என்கிறார். கஷ்டப்படாமல் யாரும் மேலே வரவில்லையே, இதுவும் அந்தக் கஷ்டங்களில் ஒன்றுதானா? அவளுக்கு யாருடைய கதையைச் சொல்லலாம் என்றும் எழுதுங்கள்.

வ

அன்புள்ள வ,

கடைசிப் பத்திக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அது சகஜம் இல்லை. வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து நின்றாலே மருத்துவரிடம் போக வேண்டும். உங்கள் மகளுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது, கூடவே எலும்பில் ஓரிடத்தில் வலி. இரண்டும் சேர்ந்து வருவது தற்செயலாக இருக்கலாம், ஆனால் அப்படி நினைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அவள் ஓட வேண்டாம்.

நான் மருத்துவன் அல்ல. இந்த விஷயத்தில் விளையாட்டு மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவதைத்தான் சொல்கிறேன். சாப்பிடுவதிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதியைப் பயிற்சி எடுத்துக்கொண்டுவிட்டால் மிச்சம் இருப்பதை வைத்துத்தான் உடம்பு மற்ற வேலைகளைப் பார்க்க வேண்டும். அது போதாதபோது, உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. மாதவிடாய் அதில் ஒன்று. அது நின்றால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது, ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு வலுவிழக்கிறது. வாழ்நாள் முழுக்கத் தாங்க வேண்டிய எலும்பு வலுவில் பெரும்பகுதி சேர்வது இந்தப் பருவத்தில்தான். அந்த நேரத்தில் இழப்பதைப் பிறகு முழுவதுமாக மீட்க முடியும் என்று உறுதி இல்லை. எலும்பில் மெல்லிய விரிசல்கள் விழுவது இப்படித்தான். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் இந்த ஆற்றல் பற்றாக்குறைக்கு ரெட்-எஸ் (RED-S) என்று பெயர் கொடுத்து விரிவான அறிக்கையே வெளியிட்டது. இது ஆண்களுக்கும் வரும். பெண்களிடம் மாதவிடாய் நிற்பது முன்கூட்டியே அடிக்கும் மணி, அவ்வளவுதான். அந்த மணியை உங்கள் பயிற்சியாளர் வெற்றியின் அறிகுறி என்கிறார்.

மாதவிடாய் நிற்க தைராய்டு உட்பட வேறு காரணங்களும் உண்டு. அதையெல்லாம் மருத்துவர் பார்ப்பார். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாத்திரை கொடுத்து இரத்தப்போக்கை வரவழைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று அர்த்தம் இல்லை. சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் உள்ள கணக்கு சரியானால்தான் சரியாகும். மருத்துவரிடம் போகும்போது அவள் என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு ஓடுகிறாள் என்று ஒரு வாரத்துக்கு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

மேரி கெய்ன் என்ற அமெரிக்கப் பெண் 2013இல், 17 வயதில், மாஸ்கோ உலக தடகளப் போட்டியில் 1500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடினார். அந்த வயதில் அது அபூர்வம். பிறகு உலகப் புகழ்பெற்ற ஒரு பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். எடையைக் குறை, இன்னும் குறை என்று நெருக்கினார்கள். மூன்று ஆண்டு மாதவிடாய் நின்றது, ஐந்து எலும்புகள் முறிந்தன என்று 2019இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். பணம், விஞ்ஞானம், வசதி எல்லாம் இருந்த இடத்திலேயே இதுதான் நடந்தது.

சரி, இனி உங்கள் வருத்தத்துக்கு வருகிறேன். அந்தக் கட்டுரைகளை நான் ஏன் புரட்டிவிடுகிறேன்? அவற்றில் வரும் பெண்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அந்தக் கட்டுரைகளில் கஷ்டங்கள் மழை வருவது போல, வெயில் அடிப்பது போல வருகின்றன. யாரும் அவற்றை வைக்கவில்லை. அவள் தாண்டுகிறாள், நாம் கை தட்டுகிறோம், தடையை வைத்தவர்களும் நம்மோடு சேர்ந்து கை தட்டுகிறார்கள்.

வில்மா ருடால்ஃப் கதையை நீங்கள் மகளுக்குப் படித்துக் காட்டியிருப்பீர்கள். சிறு வயதில் போலியோ, காலில் இரும்புக் கட்டு, 1960 ரோம் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம். அவருடைய தாய் வாரா வாரம் மகளைப் பேருந்தில் ஏற்றி, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளியிருந்த நாஷ்வில் நகரத்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார் என்பதும் எல்லாக் கட்டுரையிலும் வரும். தாயின் மன உறுதி என்பார்கள். ஏன் 80 கிலோமீட்டர்? டென்னசி மாநிலத்தில் அவர்கள் இருந்த கிளார்க்ஸ்வில் ஊரில் கறுப்பினத்தவருக்கு அந்தச் சிகிச்சை கிடைக்கவில்லை, அதனால். போலியோ இயற்கை. அந்தப் பேருந்துப் பயணம் இயற்கை அல்ல. வில்மாவுக்கு இது தெளிவாகத் தெரிந்திருந்தது. தங்கத்தோடு ஊர் திரும்பியபோது, வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி என்று வரவேற்பு நடந்தால் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்த ஊரில் இரு தரப்பும் சேர்ந்து கலந்துகொண்ட முதல் பெரிய நிகழ்ச்சி அதுதான். எனக்கு அந்த மூன்று தங்கத்தை விட இது பெரிதாகத் தெரிகிறது. ஆனால் பாதிக் கட்டுரைகளில் இது இருக்காது.

உங்கள் மகள் ஓடும் 800 மீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். பெண்களைத் தடகளத்தில் அனுமதித்த முதல் ஒலிம்பிக் 1928இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. 800 மீட்டரில் ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் உலக சாதனையோடு வென்றார். இரண்டாவதாக வந்தவர் ஜப்பானின் ஹிதோமி கினுவே. 100 மீட்டரில் தோற்றதால் 800 மீட்டரில் இறங்கியவர், அவர் நாட்டின் முதல் பெண் ஒலிம்பிக் பதக்கத்தை வாங்கினார். ஓடி முடித்ததும் சிலர் களைத்துப் புல்லில் சாய்ந்தார்கள். 800 மீட்டரை முழு மூச்சாக ஓடினால் ஆண்களும் சாய்வார்கள். ஆனால் பல பத்திரிகைகள், பெண்கள் பாதியில் நின்றதாகவும் சுருண்டு விழுந்ததாகவும் எழுதின. ஓடியவர்கள் ஒன்பது பேர், ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். இருந்தும் அந்தப் பந்தயத்தை எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தது 1960இல். 32 ஆண்டுகள்! அந்தக் காலத்தில் 800 மீட்டருக்கென்றே பிறந்த பெண்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றிச் சாதனைக் கதை எதுவும் கிடையாது, ஓட விட்டால்தானே.

(1948 லண்டன் ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வென்ற நெதர்லாந்தின் ஃபேனி பிளாங்கர்ஸ்-கோன் இரண்டு குழந்தைகளுக்குத் தாய், வயது 30. பத்திரிகைகள் அவருக்கு வைத்த பட்டம் ‘பறக்கும் இல்லத்தரசி’. நான்கு தங்கம் வாங்கிய ஓர் ஆணைப் பறக்கும் குடும்பத் தலைவர் என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.)

அதே 800 மீட்டரில்தான் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் சாந்தி சௌந்தரராஜன் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள், அவர் உடம்பு ஊருக்கெல்லாம் செய்தியானது. 2009 பெர்லின் உலக தடகளப் போட்டியில் தென்னாப்பிரிக்காவின் 18 வயது காஸ்டர் செமன்யா ஓடியபோது, இறுதிப் பந்தயத்துக்குச் சில மணி நேரம் முன்பே சோதனை பற்றிய செய்தி கசிந்துவிட்டது. அப்படியும் 1 நிமிடம் 55.45 வினாடியில் வென்றார். அப்புறம் 2018இல் விதி வந்தது: 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையான பந்தயங்களில் ஓட, அவரைப் போல டெஸ்டோஸ்டெரோன் என்ற ஹார்மோன் இயல்பாகவே அதிகமுள்ள பெண்கள் மருந்து எடுத்து அதன் அளவைக் குறைக்க வேண்டும் என்று. அவர் எதிர்த்துப் போனபோது, 2019இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் இது பாகுபாடுதான், ஆனால் தேவையான பாகுபாடு என்றது. 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அந்தத் தீர்ப்பை எதிர்த்துச் சுவிட்சர்லாந்து நீதிமன்றத்தில் அவர் போட்ட வழக்கு நியாயமாக விசாரிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது. அதற்குள் அவர் ஓடும் வயது முடிந்துவிட்டது. யார் எந்தப் பிரிவில் ஓடலாம் என்பதில் நேர்மையான கருத்து வேறுபாடு இருக்க முடியும். பதின்வயதுப் பெண்ணின் மருத்துவச் சோதனையைத் தெருவுக்குக் கொண்டு வருவதில் என்ன கருத்து வேறுபாடு?

எல்லோரும் தாண்டி வருவதும் இல்லை. கென்யாவின் ஆக்னஸ் டிரோப் 2021 செப்டம்பரில், பெண்கள் மட்டும் ஓடும் 10 கிலோமீட்டர் பந்தயத்தில் உலக சாதனை படைத்தார். அடுத்த மாதம் தன் வீட்டிலேயே குத்திக் கொல்லப்பட்டார். கணவர் மீது வழக்குப் போட்டார்கள். உகாண்டாவின் ரெபெக்கா செப்டகாய் 2024 பாரிஸ் ஒலிம்பிக் மராத்தானில் ஓடிய அடுத்த மாதமே முன்னாள் துணைவர் வைத்த தீயில் இறந்தார். மன உறுதியில் இவர்களுக்கு என்ன குறை? டிரோப்பின் தோழிகள் அவர் பெயரில் ஓர் அமைப்பைத் தொடங்கி, வீட்டில் வன்முறையைச் சந்திக்கும் வீராங்கனைகளுக்கு உதவுகிறார்கள். இன்னும் மனதைத் திடப்படுத்திக்கொள் என்று மட்டும் அந்தத் தோழிகள் சொல்லியிருந்தால் என்ன பயன்?

ஆகவே உங்கள் கேள்விக்கு இப்படிச் சொல்லலாம். விளையாட்டிலேயே இருக்கிற கஷ்டம் ஒன்று உண்டு. விடியலில் எழுவது, கடைசி 200 மீட்டரில் கால் கனப்பது, தன்னைவிட வேகமான பெண் ஒருத்தி எப்போதும் இருப்பது, தோற்றுவிட்டு மறுநாள் மைதானத்துக்குப் போவது. இதை அவள்தான் தாங்க வேண்டும், உங்களால் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. மற்றது பிறர் கொண்டு வந்து வைப்பது. பட்டினி போடும் பயிற்சியாளர், கறுத்துப் போவாள் என்கிற அப்பா, வாய் ஓயாத உறவினர்கள். இதைத் தாங்கச் சொல்லி அவளுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் இதை எடுத்துப் போட வேண்டும், முடியாவிட்டால் நடுவில் நிற்கவாவது வேண்டும். நீங்கள் இதுவரை நின்றுதான் வந்திருக்கிறீர்கள், உங்கள் கடிதத்திலேயே அது தெரிகிறது.

பயிற்சியாளரிடம் சண்டை போடச் சொல்லவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுப்பதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். தெரியாமல் சொன்னவராக இருந்தால், பலர் அப்படித்தான், கேட்டுக்கொள்வார். டாக்டருக்கு ஓட்டம் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால் வேறு பயிற்சியாளரைப் பாருங்கள். அவர் எத்தனை பதக்கம் வாங்கிக் கொடுத்தவராக இருந்தாலும் சரி. வீட்டில் அவள் அப்பாவையும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ஓடியதால்தான் இப்படி ஆயிற்று, நிறுத்து என்று அவர் சொல்லக்கூடும். போதுமான அளவு சாப்பிட்டு, சரியான ஓய்வோடு ஓடினால் ஓட்டம் எலும்புக்கு நல்லதுதான் என்று மருத்துவர் வாயாலேயே அவர் கேட்கட்டும்.

கதை கேட்டீர்கள். இரண்டு சொல்கிறேன். முதலாவது உங்களுக்கு. அமெரிக்க ஓட்டக்காரர் அலிசன் ஃபீலிக்ஸுக்கு 2018இல் 32ஆவது வாரத்திலேயே அவசர அறுவை சிகிச்சையில் குழந்தை பிறந்தது. அவருக்குப் பணம் கொடுத்துவந்த காலணிக் கம்பெனி, பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் வேகம் குறைந்தால் பணத்தை வெட்ட மாட்டோம் என்று எழுதித் தர மறுத்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடவில்லை. 2019இல் பத்திரிகையில் எழுதினார். சில மாதங்களில் கம்பெனி ஒப்பந்த விதியை மாற்றியது, அவருக்குப் பின்னால் வந்த தாய்மார்களுக்கும் சேர்த்து. டோக்கியோ ஒலிம்பிக்கில் இன்னும் இரண்டு பதக்கம் வாங்கி, தன் ஒலிம்பிக் பதக்கங்களை மொத்தம் 11 ஆக்கினார்.

இரண்டாவது மகளுக்கு. இதைச் சொல்ல வேண்டாம், காட்டுங்கள். டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட் 2 காலை, 1500 மீட்டர் முதல் சுற்று. நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் கடைசிச் சுற்று தொடங்கும் இடத்தில் முன்னால் விழுந்தவர் மேல் தடுக்கி விழுகிறார். எழுந்து, பதினோரு பேரையும் பிடித்து, முதலாவதாக வருகிறார். அன்று மாலையே 5000 மீட்டரில் தங்கம். 800 மீட்டர் ஓடுகிற பெண்ணுக்கு அந்தக் கடைசிச் சுற்றில் பார்க்க நிறைய இருக்கிறது. எழுந்ததும் பதறி ஓடாமல் எப்படி வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார், எந்த இடத்தில் வெளிப்பக்கம் வந்து முந்துகிறார் என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் நாட்களில் அவளுக்கும் பொழுது போகும்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். பெயர், ஊர் எதுவும் இங்கே வெளியிட மாட்டேன்.