கரியமில வாயுவும் பூமியின் பூட்டும்

அன்புள்ள ஐயா,

கரியமில வாயுவைப் பற்றிப் படிக்கும்போது ஒரு குழப்பம் வருகிறது. வெள்ளியின் காற்றில் 96 சதவீதம் அதுதான். அங்கே ஈயமே உருகும் வெப்பம். செவ்வாயிலும் 95 சதவீதம் அதுதான். அங்கே எல்லாம் உறைந்து கிடக்கிறது. ஒரே வாயு எப்படி இரண்டையும் செய்யும்? பூமி தன் வெப்பத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் என்று ஒரு காணொளியில் கேட்டேன். அப்படியென்றால் நாம் ஏன் இவ்வளவு பயப்பட வேண்டும்?

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

சதவீதத்தை விடுங்கள், மொத்த அளவைப் பாருங்கள். வெள்ளியின் தரையில் காற்றழுத்தம் பூமியைப்போல் 90 மடங்குக்கு மேல். செவ்வாயில் நமக்கிருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. சூரியனிலிருந்து இருக்கும் தூரமும் சேர்ந்துகொள்கிறது.

ஆனால் பூமியிலும் ஏறக்குறைய வெள்ளியில் இருக்கும் அளவுக்குக் கரியமில வாயு உண்டு. காற்றில் இல்லை, பாறைக்குள் இருக்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத விஷயம் இது. மழைநீர் காற்றிலுள்ள வாயுவைக் கரைத்து லேசான அமிலமாகிப் பாறைகளை அரிக்கிறது. அதில் கரைந்த கால்சியம் ஆற்றோடு கடலுக்குப் போய், அங்கே சுண்ணாம்புக்கல்லாகப் படிகிறது. பூமித்தட்டுகள் (மெல்ல நகரும் பூமியின் மேலோட்டுத் துண்டுகள்) அதை ஆழத்துக்கு இழுத்துச் செல்ல, எரிமலைகள் வாயுவைத் திரும்ப வெளியே விடுகின்றன. வெப்பம் கூடினால் அரிப்பு வேகமெடுத்து காற்றில் வாயு குறையும். குளிர்ந்தால் அரிப்பு மந்தமாகும், எரிமலைகளோ நிற்பதில்லை. வாயு மறுபடி சேரும். இந்தச் சுழற்சி பூமியின் வெப்பநிலையை எப்படிக் கட்டுக்குள் வைக்கிறது என்பதை 1981இல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற மூன்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். ஆரம்பத்தில் சூரியன் இன்றைவிட சுமார் 30 சதவீதம் மங்கலாக இருந்தும் பூமியில் கடல் உறையாமல் இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

சுமார் 70 கோடி ஆண்டுகளுக்கு முன் பனி நிலநடுக்கோடுவரை வந்துவிட்டது. பாறை பனிக்கடியில் கிடந்ததால் அரிப்பு ஏறக்குறைய நின்றது. எரிமலை வாயு கோடிக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து, கடைசியில் பனியை உருக்கியது. நமீபியாவில் அந்தப் பனிக்காலப் படிவுகளுக்கு நேர்மேலே சுண்ணாம்புப் பாறை அடுக்குகள் இருக்கின்றன. பனி உருகியதும் வாயு மறுபடி பாறைக்குள் போனதன் தடயம் அது.

இந்தச் சுழற்சி நடக்க நீர் வேண்டும். வெள்ளி நீரை இழந்தது, பாறைக்குள் பூட்ட வழியில்லாமல் வாயு காற்றிலேயே தங்கிவிட்டது. செவ்வாய் சிறியது, உள்ளே சீக்கிரம் குளிர்ந்து, காற்றின் பெரும்பகுதியை விண்வெளிக்கு விட்டுவிட்டது. 2022இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வாஸ்ப்-39பி என்ற கோளின் காற்றில் கரியமில வாயுவைத் தெளிவாகக் கண்டது. அது வெப்பமான வாயுக்கோள், உயிருக்கு இடமில்லை. ஆனால் வேறு சூரியனைச் சுற்றும் கோளிலும் இந்த வாயுவை அளக்கலாம் என்றாகிவிட்டது. அடுத்த ஆண்டே ஒரு குழு அழகான யோசனை ஒன்றைச் சொன்னது: ஒரே சூரியனைச் சுற்றும் பாறைக்கோள்களில் ஒன்றில் மட்டும் இந்த வாயு குறைவாக இருந்தால், அங்கே கடல் இருக்கலாம். இருப்பதைத் தேடுவதைவிட, குறைந்திருப்பதைத் தேடுவது!

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். காணொளி சொன்னது உண்மைதான், ஆனால் பூமி சரிசெய்துகொள்ள லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் என்பதை விட்டுவிட்டது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்தது இன்று 420ஐத் தாண்டிவிட்டது. முந்நூறு ஆண்டுகூட ஆகவில்லை. அந்த வேகத்துக்கு மழையாலும் பாறையாலும் ஈடுகொடுக்க முடியாது. நீங்கள் பயப்படுவது நியாயமே.

அரியலூர்ப் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல், டைனோசர் காலத்துக் கடலில் படிந்தது. சிமெண்ட் சூளையில் ஒரு டன் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால், எரிபொருளின் புகையைச் சேர்க்காமலேயே, சுமார் 400 கிலோ கரியமில வாயு காற்றுக்குத் திரும்புகிறது.