எம்.எஸ்.டபிள்யூ சேர்க்கை: விண்ணப்பம் முதல் காத்திருப்போர் பட்டியல் வரை

சமூகப்பணி முதுகலைக்கு (எம்.எஸ்.டபிள்யூ) விண்ணப்பித்துவிட்டுப் பட்டியலை எதிர்பார்த்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கல்லூரி ஒன்றில் களப்பணி ஒருங்கிணைப்பாளராக, அதாவது மாணவர்களை மருத்துவமனை, குடிசைப் பகுதி போன்ற இடங்களுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறவளாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சேர்க்கை நேர்முகங்களில் மேசைக்கு மறுபக்கம் உட்கார்ந்து பழகியவள். என் பதில்கள் களப்பணிப் பக்கமே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாகப்பட்டினம் மாணவர்: மேடம், நான் பி.எஸ்சி. இயற்பியல் இறுதியாண்டு. பி.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி இளங்கலை) படித்தவர்கள் போட்டியில் இருக்கும்போது எனக்கு இடம் கிடைக்குமா?

கிடைக்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகள் எந்தப் பட்டம் பெற்றவரையும் எடுத்துக்கொள்கின்றன. சில இடங்களில் பி.எஸ்.டபிள்யூவுக்கு முன்னுரிமை உண்டு. தகவல் குறிப்பேட்டில் அது இருக்கும். அவர்களுக்குள்ள சாதகம், ஏற்கெனவே களத்தைப் பார்த்திருப்பார்கள் என்பது. அதைச் சிலர் "எனக்கு எல்லாம் தெரியும்" என்ற தோரணையாக மாற்றிக்கொண்டு வந்து உட்காருவார்கள். அங்கே உங்களுக்கு ஒரு வழி திறக்கும்.

சேலம் மாணவி: அடுத்த வாரம் நேர்முகம். "ஏன் சமூகப்பணி?" என்று கேட்டால் என்ன சொல்வது? சிறு வயதிலிருந்தே சேவை மனப்பான்மை உண்டு என்று எழுதி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன்.

அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். ஒரே காலைப்பொழுதில் அந்த வரியை எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். அது பொய் என்று சொல்லவில்லை. அதிலிருந்து உங்களைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரிவதில்லை. அன்னதானம் செய்பவருக்கும் சேவை மனப்பான்மை உண்டு. அவர் இரண்டாண்டு படிக்க வேண்டியதில்லை.

நேர்முகக் குழு தேடுவது வேறு. உங்கள் ஊரில் ஏதாவது ஒன்றை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? சேலம் என்றால் வெள்ளிப் பட்டறைகள் இருக்கின்றன, கொலுசு செய்யும் வீடுகள் இருக்கின்றன. அங்கே யார் வேலை செய்கிறார்கள், கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது, பெண்கள் எந்த வேலையைச் செய்கிறார்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று உங்களால் ஐந்து நிமிடம் பேச முடிந்தால், "ஏன் சமூகப்பணி" என்ற கேள்விக்குத் தனியாகப் பதிலே வேண்டாம்.

அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் இப்படி இருக்கும்: "டீக்கடையில் பன்னிரண்டு வயதுப் பையன் கிளாஸ் கழுவுகிறான். என்ன செய்வீர்கள்?" பலரும் "கடைக்காரரிடம் பேசிப் புரியவைப்பேன், பையனைப் பள்ளியில் சேர்ப்பேன்" என்பார்கள். நல்ல மனசு, ஆனால் பாதி பதில். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையை வேலைக்கு வைக்கத் தடை இருக்கிறது. குழந்தைகளுக்கென்று 1098 என்ற உதவி எண் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. இவற்றைச் சொல்லிவிட்டு, "அவன் சம்பளம் நின்றால் வீட்டில் அடுத்த வேளைக்கு என்ன வழி என்பதையும் விசாரிப்பேன்" என்று சேர்த்தீர்களானால், குழுவில் ஒருவராவது நிமிர்ந்து உட்காருவார். அதேபோலப் பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416. இந்த எண்களை வெறுமனே ஒப்பிக்க வேண்டாம்; எந்தச் சூழலில் எதை அழைப்பது என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்த வாழ்க்கைத் துயரத்தைச் சொல்லலாமா என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். சொல்லலாம், அழாமல் சொல்ல முடியுமானால். அதிலிருந்து நீங்கள் எதைக் கவனித்தீர்கள் என்பதுதான் எங்களுக்குத் தேவை. அப்பாவின் குடிப்பழக்கத்தைப் பற்றிச் சொன்ன ஒரு மாணவர், மறுவாழ்வு மையத்திலிருந்து திரும்பியவரை வீட்டில் எப்படி நடத்தினார்கள் என்பதை விவரித்தார். அவருக்கு இடம் கிடைத்தது.

குழு விவாதம் இருந்தால் அதிகம் பேசுபவர் தேர்வாகிறார் என்ற நம்பிக்கையை விடுங்கள். மற்றவர் சொன்னதைப் பிடித்து மேலே கொண்டுபோகிறவரைத்தான் குறித்துக்கொள்கிறோம்.

கள்ளக்குறிச்சி மாணவர்: பள்ளியும் கல்லூரியும் தமிழ்வழி. ஆங்கிலம் தடுமாறும். நேர்முகத்திலேயே வெளியே அனுப்பிவிடுவார்களா?

ஒரு கேள்விக்கு ஆங்கிலத்தில் முயன்று பாருங்கள், முடியாதபோது "தமிழில் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். கேட்டதற்காக யாரையும் வெளியே அனுப்பி நான் பார்த்ததில்லை. உண்மையான சிரமம் பிறகுதான் வரும். வகுப்புகளும் புத்தகங்களும் ஆங்கிலம். களப்பணி அறிக்கையை வாராவாரம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். முதல் செமஸ்டரில் திணறுவீர்கள். ஆனால் களத்தில் நிலைமை தலைகீழ். மருத்துவமனை வார்டில் நோயாளியின் தாயிடம் பேச்சுக் கொடுத்து விவரம் வாங்குவது உங்களுக்கு இயல்பாக வரும். சென்னையின் ஆங்கிலவழிப் பிள்ளைகள் அங்கே உங்களைத்தான் துணைக்கு அழைப்பார்கள். இப்போதிருந்தே தினமும் அரைப்பக்கம் ஆங்கிலத்தில் எழுதுங்கள்; பார்த்ததை மட்டும், சிறு வாக்கியங்களில். களப்பணி அறிக்கைக்கு வேண்டிய ஆங்கிலம் அவ்வளவுதான்.

தருமபுரி மாணவி: டாடா சமூக அறிவியல் நிறுவனத்துக்கும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் க்யூட்-பி.ஜி (முதுகலைக்கான பொது நுழைவுத் தேர்வு) எழுதியிருக்கிறேன். எங்களுக்கு எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இருக்கிறது. அது போதும்தானே அக்கா?

போதாது, தங்கையே. நல்லவேளை இப்போதே கேட்டீர்கள். தாசில்தார் அலுவலகம் தந்த நிரந்தரச் சாதிச் சான்றிதழ் மாநிலக் கல்லூரிகளுக்கு உதவும். மத்திய அரசு நிறுவனங்களில் எம்.பி.சி. என்ற பிரிவே கிடையாது; பி.சி., எம்.பி.சி. இரண்டும் அங்கே ஓ.பி.சி.க்குள் (இதர பிற்படுத்தப்பட்டோர்) வரும், 27 சதவீதம். ஆனால் உங்கள் சாதி மத்திய ஓ.பி.சி. பட்டியலிலும் இருக்க வேண்டும்; நீங்கள் கிரீமி லேயரில் (ஒதுக்கீடு பெற முடியாத வசதியான பிரிவு) இல்லை என்பதற்கு மத்திய அரசு வடிவத்தில் தனிச் சான்றிதழும் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமல் "எங்கள் வருமானம் கூடுதல்" என்று ஒதுங்கிக்கொண்ட ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் உண்டு. சான்றிதழ் நடப்பு நிதியாண்டுக்கானதா என்று பார்ப்பார்கள். பழையதைக் கொடுத்தால் பொதுப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். பிறகு யாரிடம் முறையிட்டும் பயன் குறைவு.

டாடா நிறுவனம் தன் பழைய டிஸ்நெட் தேர்வை விட்டு க்யூட்-பி.ஜிக்கு மாறியது 2023இல். அண்ணன் அக்கா காலத்து டிஸ்நெட் வினாத்தாள்களை வைத்துப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். க்யூட்-பி.ஜியில் 75 கேள்விகள், சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும். எல்லா வட்டத்தையும் நிரப்பிவிட்டு வரும் பழக்கம் இங்கே உதவாது.

விழுப்புரம் மாணவி: ஒரு கல்லூரியில் காத்திருப்போர் பட்டியலில் 14ஆவது. இன்னொன்றில் இடம் கிடைத்திருக்கிறது. மூன்று நாளில் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள். எனக்கு முதல் கல்லூரிதான் பிடித்திருக்கிறது. தூக்கமே வரவில்லை.

முதலில், அந்த 14 எந்தப் பட்டியலில் 14 என்று கேளுங்கள். அரசு உதவிபெறும் பிரிவில் 69 சதவீத இட ஒதுக்கீடு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18 (அதற்குள் அருந்ததியர் 3), எஸ்.டி. 1. மீதி 31 பொது. நாற்பது இடம் என்று வைத்துக்கொண்டால் எம்.பி.சி.க்கு எட்டு. மொத்த வரிசையில் 14ஆக இருப்பவர் தன் பிரிவில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ இருக்கக்கூடும். அப்படியானால் நம்பிக்கை உண்டு. சுயநிதிப் பிரிவிலும் சிறுபான்மையினர் கல்லூரியிலும் கணக்கு வேறு. அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

பட்டியல் ஏன் நகர்கிறது? நல்ல மதிப்பெண் பெற்ற அதே இருபது பேர்தான் எழும்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் தாம்பரத்திலும் திருச்சியிலும் கோவையிலும் பட்டியலில் முதலில் இருப்பார்கள். ஒருவர் ஓர் இடத்தில்தானே படிக்க முடியும்! மும்பை, தில்லி, திருவாரூர் முடிவுகள் வெளியானதும் இன்னும் சிலர் விலகுவார்கள். ஆகவே ஒரு முறை நகர்ந்து நின்றுவிட்டது என்று மனம் விட வேண்டாம். வகுப்பு தொடங்கி ஒரு வாரம் கழித்து அழைக்கப்பட்டவர்களும் உண்டு.

கையில் இருக்கும் இடத்துக்குப் பணம் கட்டிவிடுங்கள். பின்னால் விலகினால் பணம் என்னாகும் என்பதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பு இருக்கிறது. சேர்க்கைக்கான கடைசி நாளுக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் முழுக் கட்டணமும் திரும்பும். அதிலிருந்து நடைமுறைச் செலவுக்கென்று மட்டும் அதிகபட்சம் 5 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல், கழித்துக்கொள்ளலாம். கடைசி நாளுக்கு முந்தைய பதினைந்து நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடந்து பதினைந்து நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் இதைவிடத் தாராளமான தேதிகளை மானியக் குழு தனியாக அறிவிக்கிறது. 2024-25இல் செப்டம்பர் 30 வரை முழுத்தொகையும் திரும்பத் தர வேண்டும் என்றார்கள். விலகலை வாய்மொழியாகச் சொல்லாதீர்கள். தேதி போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

இன்னொன்று: மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை இல்லை. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று அதே அறிவிப்பு சொல்கிறது. டி.சி. மட்டும் சேரும் இடத்துக்குப் போய்விடும். அதனால் எல்லாவற்றையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு, டி.சி.யைக் கொடுக்க இரண்டு நாள் அவகாசம் கேட்டுப் பாருங்கள்.

முதல் கல்லூரி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல், ஒரு தொலைபேசி அழைப்பு. அதற்கு மேல் வேண்டாம். தெரிந்த எம்.எல்.ஏ.விடம் சிபாரிசுக் கடிதம் வாங்கி வருகிறவர்களைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் என்ன பேசிக்கொள்வோம் என்பதை இங்கே எழுத முடியாது.

பெயர் வெளியிட விரும்பாதவர்: ஒரு அரியர் இருக்கிறது. ஆறாம் செமஸ்டர் முடிவும் வரவில்லை.

முடிவு வராததற்குத் தற்காலிகச் சேர்க்கை தருவார்கள். குறித்த தேதிக்குள் மதிப்பெண் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அரியரை மறைக்காதீர்கள். எல்லாத் தாளும் தேறாமல் சேர்க்கை உறுதியாகாது. வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறீர்கள் என்றால் இடப்பெயர்வுச் சான்றிதழுக்கு இன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஓசூர் மாணவர்: அப்பா எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) எடுக்கச் சொல்கிறார், வேலை கிடைக்கும் என்று. எனக்கு மருத்துவ-மனநலச் சமூகப்பணியில் ஆசை.

உங்கள் அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. 500 தொழிலாளர் இருந்தால் நல அலுவலர் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 49ஆம் பிரிவு. தொழிலாளர் நலமும் சமூகப்பணிப் படிப்பும் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். ஓசூரில் இருந்துகொண்டு அதை உதறச் சொல்ல மாட்டேன்.

மனநலப் பக்கம் போவதென்றால் பாதை நீளம் என்று தெரிந்து போங்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் சமூகப்பணியாளர் என்று யாரைச் சொல்கிறது? எம்.எஸ்.டபிள்யூவுக்கு மேல் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். முடித்தவரை. தேசிய மனநல நிறுவனமான பெங்களூரு நிம்ஹான்ஸில் அது பெயர் பெற்ற படிப்பு. மானியக் குழு 2022இல் எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தியது; பின்னர் மனநலச் சமூகப்பணிக்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தது. ஆகவே நீங்கள் முடித்து வெளிவரும் ஆண்டில் அந்த மேற்படிப்பு எந்த வடிவில் நடக்கிறது என்பதைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப்பணியாளர் வேலைக்கு எம்.எஸ்.டபிள்யூ போதும் என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தைவிட, களப்பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். மனநலப் பிரிவு இருக்கும், ஆனால் மாணவரை அனுப்ப ஒரு மனநல மருத்துவமனையுடனும் தொடர்பு இருக்காது. அப்படிப்பட்ட இடங்களும் உண்டு. சில கல்லூரிகளில் முதலாண்டு பொது, இரண்டாமாண்டில்தான் சிறப்புப் பிரிவு. முடிவெடுக்க முடியாதவர்களுக்கு அது உகந்தது.

ஒரு தந்தை, இராமநாதபுரம்: மகளைச் சென்னையில் சேர்க்கப் போகிறோம். வாரத்தில் இரண்டு நாள் வெளியே அனுப்புவார்களாமே. குடிசைப் பகுதி, சிறைச்சாலை என்கிறார்கள். விலக்குக் கேட்கலாமா?

ஐயா, கேட்டால் தரமாட்டார்கள், தரவும் கூடாது. இந்தியாவில் இந்தப் படிப்பே அங்கிருந்துதான் முளைத்தது. பம்பாயின் நாக்பாடாவில் அக்கம்பக்கத்து மக்களுக்கான நல மையம் ஒன்றை நடத்திவந்த கிளிஃபோர்ட் மேன்ஷார்ட்தான் 1936இல் தொடங்கிய டாடா பள்ளியின் (இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம்) முதல் இயக்குநர். களப்பணிக்கு மதிப்பெண் உண்டு. அதில் தேறாவிட்டால் பட்டம் இல்லை.

உங்கள் கவலையை வேறு கேள்விகளாக மாற்றிக் கல்லூரியில் கேளுங்கள். தனியாக அனுப்புகிறார்களா, இருவராகவா? நிறுவனத்தில் மேற்பார்வையாளர் யார்? ஆசிரியர் எத்தனை நாளுக்கு ஒருமுறை நேரில் வருகிறார்? மாலை எத்தனை மணிக்குத் திரும்புவார்கள்? பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்புகார்க் குழு இருக்கிறதா? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் கல்லூரியில் மகளைத் தயங்காமல் விடுங்கள். மழுப்பினால் வேறு கல்லூரி பாருங்கள்.

மதுரை வாசகி: வேலைக்குப் போகிறேன், இரண்டு குழந்தைகள். தொலைநிலையில் எம்.எஸ்.டபிள்யூ செல்லுமா?

செல்லும். இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) நடத்துகிறது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நடத்துகிறது. மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பட்டியலில் அந்த ஆண்டுக்கு அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். "களப்பணி வேண்டாம், சனிக்கிழமை வந்தால் போதும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இக்னோவிலும் களப்பணி உண்டு. உங்கள் ஊரிலேயே ஒரு நிறுவனத்தை ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

தென்காசி மாணவர்: சென்ற ஆண்டும் இந்த ஆண்டும் இடம் கிடைக்கவில்லை. விட்டுவிடலாமா?

எந்தக் கட்டத்தில் போயிற்று? எழுத்துத் தேர்வில் என்றால் படிப்புப் பிரச்சினை, சரிசெய்யலாம். நேர்முகத்தில் என்றால் ஓராண்டு ஏதாவது ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பாருங்கள்: முதியோர் இல்லம், சிறப்புப் பள்ளி, ஊரக வாழ்வாதாரத் திட்டம், எதுவானாலும் சரி. ஒருநாள் பயிலரங்கச் சான்றிதழ்களை அடுக்கிக் கோப்பைத் தடிமனாக்காதீர்கள். நாங்கள் அவற்றைப் புரட்டுவதே இல்லை. ஓராண்டு வேலை பார்த்தபின் இந்தத் தொழிலே வேண்டாம் என்று தோன்றினால், இரண்டாண்டுக் கட்டணம் மிச்சம்.

கும்பகோணம் மாணவி: எனக்கு இடம் கிடைத்துவிட்டது! வகுப்பு தொடங்கும்வரை என்ன செய்யட்டும்?

வாழ்த்துகள். கல்வி உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வாங்குங்கள். தங்கப்போகும் விடுதி மாலை எத்தனை மணிக்குக் கதவை மூடுகிறது என்று கேளுங்கள்; களப்பணி நாட்களில் அதில்தான் சண்டை வரும். செருப்பு ஒன்று நல்லதாக வாங்கிக்கொள்ளுங்கள்.