கச்சேரியில ஃபிளாஷ் இல்லாம ஃபிலிம் கேமராவுல படம் எடுக்க முடியுமா? எந்த ஃபிலிம், என்ன செட்டிங்?

முடியும். நான் பெங்களூர்ல எடுக்கறேன், பெரும்பாலும் சாமராஜபேட்டை கோட்டை ஹைஸ்கூல் மைதானத்துல ராமசேவா மண்டலி நடத்தற ராமநவமி கச்சேரிங்க. ஃபிலிம் இல்ஃபோர்ட் ஹெச்பி5, டப்பாவுல ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 400னு போட்டிருக்கும், நான் 1600ன்னு வச்சுதான் எடுப்பேன், அதாவது ரெண்டு ஸ்டாப் குறைச்சலா வெளிச்சம் குடுத்துட்டு, அதுக்கு ஈடா கூடுதல் நேரம் டெவலப் பண்றது, இதுதான் புஷ். ஐடி-11 டெவலப்பர் ஸ்டாக்ல (மேல தண்ணி கலக்காம), 20 டிகிரியில, 400க்கு ஏழரை நிமிஷம்னா இதுக்கு 14 நிமிஷம் டெவலப் பண்ணணும். ஆனா புஷ் பண்ணா நிழல்ல இல்லாதது ஒண்ணும் முளைச்சு வந்துடாது, கான்ட்ராஸ்ட்டும் கிரெயினும்தான் ஏறும். ஓரத்துல உக்காந்திருக்கற கஞ்சிராக்காரர் பாவம், பாதி படத்துல சட்டை மட்டும்தான் தெரிவார்.

50 எம்எம் லென்ஸ், அபர்ச்சர் எஃப்2, ஷட்டர் 1/125 செகண்ட் கிடைச்சா புண்ணியம், பல நாள் 1/60தான். மேடைக்குப் பின்னாடி கருப்புத் துணி இருந்தா மீட்டர் ஏமாந்துடும், முகம் வெளுத்துப் போயிடும். அதனால சுருதி சேர்க்கறப்பவே முன்னாடி போய் பாடகர் முகத்தை மட்டும் மீட்டர் பாத்துட்டு வந்துடுவேன், அப்புறம் மங்களம் வரைக்கும் அதே செட்டிங், ராக் ஷோ மாதிரி லைட் மாறிக்கிட்டே இருக்காதே.

1/60ல கல்பனாஸ்வரம் பாடறப்ப அழுத்துனா கை, தலை எல்லாம் கலங்கிடும். கார்வைக்கு, அதாவது ஒரே ஸ்வரத்துல நீட்டி நிக்கற இடத்துக்குக் காத்திருங்க. மேல் ஷட்ஜத்துல நிக்கறப்ப கண்ணு மூடி, தூக்குன கை அப்படியே நிக்கும், ஒண்ணு ரெண்டு செகண்ட் கிடைக்கும். ஆலாபனையில இது நிறைய வரும், ஆனா அங்க மிருதங்கம் இருக்காது, எஸ்எல்ஆர் கண்ணாடி டக்குனு அடிக்கறது ஹால் முழுக்கக் கேக்கும். ஒரு தடவை முன் வரிசை மாமா திரும்பி, "ஏம்ப்பா, பாட்டு கேக்க வந்தியா, ஆணி அடிக்க வந்தியா"ன்னார். அதுலேர்ந்து கிருதியில வர்ற கார்வையிலதான் அழுத்தறது, மிருதங்கச் சத்தத்துல அது அமுங்கிடும்.

அப்புறம், லோட் பண்ணி லீவர் இழுக்கறப்ப ரீவைண்ட் குமிழ் சுத்துதான்னு பாருங்க. நான் ஒரு நாள் அவசரத்துல பாக்கல, கவுன்டர் 36 தாண்டியும் லீவர் ஜம்முனு போய்க்கிட்டே இருந்துச்சு, தனி ஆவர்த்தனம் மட்டுமே பத்து ஃப்ரேம் எடுத்தேன்னு சந்தோஷமா வீட்டுக்கு வந்தேன், ஃபிலிம் டப்பாவை விட்டு நகரவே இல்ல.